அந்த இலை அறுபடவில்லை

'ஒன் பீஸ்' மாங்காவில் வாள்வித்தையின் உச்சம் எது என்று கேட்டால் இன்றைய ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்கிறார்கள்: கருவாள். ஒரு வாளின் மேல் ஹாக்கி என்ற மனவலிமை ஆற்றலை ஏற்றி ஏற்றி, அதன் எஃகே நிரந்தரமாகக் கறுத்துப்போகும் வரை போராடியவன்தான் முழு வாள்வீரன் என்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு படி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்க்கும் கான்கரர்ஸ் ஹாக்கியை வாள்மேல் பூசத் தெரிய வேண்டும், அது இல்லாதவன் எவ்வளவு பழகினாலும் இரண்டாம் வரிசைதான் என்பது அவர்கள் கட்சி. கதையின் மூன்று வாள் வீரன் ஸோரோவுக்கு இந்த இரண்டும் கைவந்த நாளில், உலகின் தலைசிறந்த வாள்வீரன் என்ற மிஹாக்கின் பட்டம் கைமாறிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

இந்த விடையை நான் ஏற்கவில்லை. எய்ச்சிரோ ஓடா 1997 ஜூலையில் தொடங்கி இன்றுவரை வரைந்துகொண்டிருக்கும் இந்தக் கதையில், வாள்வித்தைக்கென்று அவர் எழுதிவைத்த இலக்கணத்தை இது தலைகீழாக்குகிறது. வித்தை விட்டுச்சென்ற தடயத்தையே வித்தை என்று எடுத்துக்கொள்கிறது. படக்கதைதானே, யார் எப்படிப் படித்தால் என்ன என்று விட எனக்கு மனம் வரவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒருவர் பொறுமையாக அடுக்கிவந்த ஒரு சிந்தனை, யார் யாரைவிடப் பலசாலி என்ற பட்டியலுக்குள் காணாமல் போகிறது. அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கதையின் அலபாஸ்டா பகுதியிலிருந்து தொடங்குகிறேன். 195வது அத்தியாயத்தில் முடியும் அந்தச் சண்டையில் ஸோரோவின் எதிரி மிஸ்டர் 1. உடம்பே எஃகு, கை கால் எல்லாம் வெட்டும் அலகு. ஸோரோ அதுவரை எஃகை வெட்டியதில்லை. உடம்பு கிழிந்து, நிற்கவே முடியாத நிலையில் ஒரு கல்தூண் அவன்மேல் சரிகிறது. கற்கள் எங்கே விழும், எங்கே விழாது என்று அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. பிழைத்து எழுகிறான். இடிபாடுகளுக்குள் வாள் கிடக்கும் இடமும் தெரிகிறது. பொருள்களின் மூச்சு கேட்கிறது என்று உணர்கிறான். எதிரிமேல் பாய்வதற்கு முன் இரண்டு சோதனை செய்கிறான். பக்கத்தில் இருக்கும் மரத்தின் இலைமேல் வாளை வீசுகிறான். வாள் படுகிறது, இலை அறுபடவில்லை. அடுத்து ஒரு பாறைமேல் வீசுகிறான். பாறை பிளக்கிறது. அதன் பிறகுதான் எஃகு.

எஃகு வெட்டுப்பட்ட காட்சி எல்லோர் நினைவிலும் இருக்கிறது. சுவரொட்டியில், டிஷர்ட்டில், கைபேசித் திரையில் அந்த ஒரு கணம்தான். இலையை மறந்துவிட்டோம். ஆனால் அந்த வரிசையைப் பாருங்கள்: இலை, பாறை, எஃகு. பாறையும் எஃகும் பலத்தின் படிக்கட்டு என்றால் இலைக்கு அங்கே என்ன வேலை? மூன்று வாள் பிடிக்கும் ஒருவனுக்கு இலையை வெட்டுவது ஒரு பொருட்டே இல்லை. வெட்டாமல் விடுவதுதான் அவன் அதுவரை செய்யாதது. இலையில் தேறியதால்தான் பாறையும், பாறையில் தேறியதால் எஃகும் வசப்படுகின்றன. அதே சண்டையில் சிறுவயதில் கேட்ட ஆசான் கோஷிரோவின் பாடம் அவனுக்கு நினைவு வருகிறது. எதையுமே வெட்டாதிருக்க வல்லவனே எஃகையும் வெட்ட வல்லவன், காக்க நினைத்ததைக் காத்து வெட்ட நினைத்ததை வெட்டுவதே மேலான வாள் என்பது அதன் சாரம். தொட்டதையெல்லாம் அறுத்துத் தள்ளும் வாளை அவர் வாளாகவே மதிப்பதில்லை.

இது ஓடாவின் தனிக் கற்பனை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மாசமுனே, முராமசா என்ற இரண்டு வாள்கொல்லர்களைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. இருவர் செய்த வாள்களையும் ஓடும் நீரில் நட்டுவைத்தார்கள். முராமசாவின் வாள் எதிரே வந்த இலை, மீன் எல்லாவற்றையும் இரண்டாக்கியது. மாசமுனேயின் வாள் ஒன்றையும் அறுக்கவில்லை, இலைகள் அதை ஒட்டி வழுகிப் போயின. முராமசா சிரித்தானாம். பார்த்துக்கொண்டிருந்த துறவி ஒருவர், முதல் வாள் கூரியதுதான், ஆனால் அதற்கு இன்னதென்று பேதம் தெரியாது. குற்றமற்றதைத் தொடாத இரண்டாவது வாளே உயர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னாராம். வரலாற்றில் இந்த இருவரும் சந்தித்திருக்க வழியே இல்லை, இடையில் நூற்றாண்டுகளின் தூரம் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தக் கதை நிலைத்தது. அந்த ஆற்று இலைதான் அலபாஸ்டாவின் மரத்தில் வந்து தொங்குகிறது என்றே நான் படிக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அலபாஸ்டா ரொம்பப் பழைய பகுதி, அப்போது கதையில் ஹாக்கி என்ற ஏற்பாடே விளக்கப்படவில்லை, 'பொருள்களின் மூச்சு' என்பதெல்லாம் ஆசிரியர் தட்டுத்தடவிச் சொன்ன முன்வடிவம், பிறகு முறையான பெயரோடு ஹாக்கி வந்ததும் அந்தப் பழைய தத்துவம் காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். ரேலி என்ற பாத்திரம் மூன்று வகை ஹாக்கியையும் விளக்குவது 597வது அத்தியாயத்தில்தான். கால வரிசை அவர்கள் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. முடிவுதான் பிசகு. புது ஏற்பாடு வந்தபின் பழைய பாடத்தை ஆசிரியர் கைவிட்டிருந்தால், அடுத்த பல நூறு அத்தியாயங்களில் அதற்கு மாறான ஒரு பாடம் கிடைக்க வேண்டும். கிடைப்பது என்மா.

வானோ நாட்டில் ஷூசுய் என்ற கருவாளைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஈடாக, ஓடேன் என்ற வீரர் பிடித்த என்மா என்ற வாள் ஸோரோ கைக்கு வருகிறது. 955வது அத்தியாயத்துக்கு வாளின் பெயரே தலைப்பு. ஸோரோ அதை முதல்முறை வீசுகிறான். அவன் கேட்காத அளவு ஹாக்கியை வாள் தானே உறிஞ்சுகிறது. கை வற்றிச் சுருங்கி எலும்பும் தோலுமாகிறது. எதிரே கடலோரத்துப் பாறை முனையே வெட்டுண்டு சரிகிறது. வேறு யாராவது இருந்தால் கரும்புச் சக்கையாக விழுந்திருப்பான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலமே உச்சம் என்றால் கதை இங்கே கொண்டாட வேண்டும். ஒரு வீச்சில் கடற்கரையின் வடிவத்தையே மாற்றியிருக்கிறான், கேட்காமலே ஹாக்கி பாய்ந்திருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? கதை அதைத் தோல்வியாகத்தான் காட்டுகிறது. அவன் வெட்ட நினைத்த அளவு ஒன்று, வெட்டுப்பட்ட அளவு வேறு. கோஷிரோ வாளென்றே மதிக்காத அந்த வாள், தொட்டதையெல்லாம் அறுக்கும் வாள், இப்போது ஹாக்கியின் மொழியில் திரும்பி வந்திருக்கிறது. ஸோரோ என்ன செய்கிறான்? தன்னிடமிருந்து போனதை வலிந்து பின்னுக்கு இழுக்கிறான். கை பழையபடி ஆகிறது. வாளைப் பார்த்து அவனுக்குப் பிடித்துப்போகிறது. ஓடேன் ஒருவரே அதை அடக்கி ஆண்டவர் என்று கதை சொல்வதைக் கவனியுங்கள். அந்தப் பெருமை என்மாவால் எவ்வளவு வெட்டலாம் என்பதற்குச் சேரவில்லை. கட்டுக்கு அடங்காத அதைச் சொன்ன சொல் கேட்க வைத்ததற்குச் சேர்கிறது. அலபாஸ்டாவின் இலைப் பாடம் இது, வாள் மட்டும் கடுமையானது.

பிறகு கிங் என்ற எதிரியுடன் நடக்கும் சண்டையில் ஸோரோ கான்கரர்ஸ் ஹாக்கியைத் திறந்துவிட்டுத்தானே ஜெயிக்கிறான் என்று கேட்பார்கள். ஜெயிக்கிறான். அதற்கு முன் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். சண்டையின் நடுவே என்மா அவனிடமிருந்து தன்னிஷ்டத்துக்கு உறிஞ்சத் தொடங்குகிறது, அவன் தடுமாறுகிறான், உயிரே போகும் அபாயம். அவன் திரும்பி எழும்போது மாறியது ஹாக்கியின் அளவு மட்டுமில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை இனி வாள் தீர்மானிப்பதில்லை, அவன் தீர்மானிக்கிறான். அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தே மூன்று வாள்களுக்கும் அள்ளிக் கொடுக்கிறான். வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு போவதும் மதகைத் திறந்து விடுவதும் தண்ணீர்க் கணக்கில் ஒன்றாக இருக்கலாம். வயல்காரனிடம் கேளுங்கள்.

இனி கருவாளுக்கே வருகிறேன். இந்த விவாதத்தில் நான் பார்த்தவரை யாரும் நேருக்கு நேர் பதில் சொல்லாத சாட்சி ஒன்று கதைக்குள்ளேயே இருக்கிறது. த்ரில்லர் பார்க்கில் ஸோரோ மோதும் ரியூமா.

ரியூமா டிராகனை வெட்டி வீழ்த்திய வானோவின் சாமுராய். ஷூசுயைத் தன் போர்களாலேயே கறுக்கவைத்தவர். த்ரில்லர் பார்க்கில் ஸோரோ முன் நிற்பது அவருடைய பிணம். மோரியா என்பவனின் வித்தையால், புரூக் என்ற வாள்வீரனின் நிழல் அதற்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அந்த வித்தையின் விதி தெளிவானது: உடல் தன் பலத்தைத் தரும், நிழல் தன் குணத்தையும் சண்டைத் திறனையும் தரும். கூட்டிப் பாருங்கள். டிராகனைக் கொன்ற உடம்பு, ஐம்பது ஆண்டுக்கு மேல் பழுத்த ஒருவனின் வாள்வீச்சு, கையில் ஏற்கெனவே கறுத்து முடிந்த கருவாள். கருவாள்தான் உச்சம் என்றால் உச்சத்தின் எல்லா உறுப்புகளும் அங்கே இருக்கின்றன. எதிரே ஸோரோவிடம் இருப்பது இரண்டே வாள், மூன்றாவதை எனியஸ் லாபியில் துரு தின்றுவிட்டது. ஸோரோ ஜெயிக்கிறான். தோற்ற நிழல், அந்த உடலுக்குரிய சாமுராயின் முன் வெட்கப்பட்டு, வாளை ஸோரோவிடம் ஒப்படைக்கிறது.

அங்கே இல்லாமல் போனது ரியூமா மட்டும்தான். ஆள் போய்விட்டான், அவன் வென்ற நிறம் வாளில் அப்படியே நிற்கிறது, அந்த நிறத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கருவாள் உச்சத்தின் காரணமாக இருந்திருந்தால் இந்தச் சண்டை இப்படி முடிந்திருக்காது. நெடுநாள் ஏர் பிடித்தவன் உள்ளங்கையில் காய்ப்பு இருக்கும். அந்தக் கையைப் பார்த்து உழவன் என்று சொல்லிவிடலாம். காய்ப்பைத் தனியே உரித்தெடுத்து இன்னொருவன் கையில் ஒட்டினால் நிலம் உழுதுவிடாது. ஸோரோவே இதற்குச் சாட்சி. அதன்பின் வானோவரை ஷூசுய் அவன் இடுப்பில்தான் தொங்கியது. ஒரு கருவாளுக்குச் சொந்தக்காரனாக இருந்த அத்தனை காலமும் அவன் உச்சத்தில் இருந்தான் என்று யாரும் சொல்வதில்லை.

அவன் கறுக்கவைக்காத வாள்தானே, அதனால்தான் என்பார்கள். சரி. அப்படியானால் மதிப்பு கறுப்பில் இல்லை, கறுப்பு வருவதற்குள் அந்த மனிதன் எப்படி ஆனான் என்பதில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிறது. நான் கேட்பதும் அதுதான். எப்படி ஆனான்?

ரியூமாவைப் பற்றி இன்னொன்று. 'ஒன் பீஸ்' தொடங்குவதற்கு முன்பே, 1994இல், ஓடா 'மான்ஸ்டர்ஸ்' என்ற தனிச் சிறுகதை வரைந்தார். ரியூமா பிறந்தது அதில்தான். அந்தக் கதையில் 'கிங்' என்று பேர் வாங்கிய உலகின் தலைசிறந்த வாள்வீரனைத் தேடி ரியூமா அலைகிறான், அவனோடு மோத வேண்டும் என்று. கடைசியில் தெரிகிறது, ஊர் உலகம் 'கிங்' என்று சொல்வது அவனைத்தான். அவன் டிராகனை வெட்டியது பட்டத்துக்காக இல்லை, தனக்குச் சோறு கொடுத்த ஊர் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக. தன் பட்டத்தையே அறியாத ஒருவனைத்தான் ஓடா தன் முதல் மகா வாள்வீரனாகப் படைத்தார். பட்டியல் போடுகிறவர்கள் அந்தச் சிறுகதையை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

பட்டியல் என்றதும் வாள்களின் தரவரிசை நினைவுக்கு வருகிறது. தலைசிறந்தவை 12, அடுத்த படியில் 21, அதற்கடுத்து 50 என்று கதையில் வரும் கணக்கு எடோ கால ஜப்பானிலிருந்து வந்தது. 1797இல் வெளிவந்த 'காய்ஹோ கென்ஜாகு' என்ற கையேட்டில், வாள்கொல்லர்களை அவர்கள் செய்த வாள்களின் கூர்மைப்படி இப்படித்தான் படிப்படியாக வகுத்தார்கள். அதற்கு ஆதாரம் யமாடா அசாயெமொன் பரம்பரையின் சோதனைகள். 'ஹெல்ஸ் பாரடைஸ்' படித்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் பெயர் தெரிந்திருக்கும். அவர்கள் வாள்களைச் சோதித்தது மரணதண்டனை பெற்ற குற்றவாளிகளின் பிணங்கள்மேல். பிணம் திருப்பி அடிக்காது. அதன் பின்னால் காக்க வேண்டிய குழந்தை நிற்காது. இரும்பின் கூர்மையை அளக்க அந்தச் சோதனை போதும். வாளைப் பிடித்த மனிதனைப் பற்றி அது எதுவும் சொல்லாது, சொல்வதாக அவர்களும் உரிமை கோரவில்லை. நாம்தான் வாளின் தரத்தை ஆளின் தரமாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதே ஜப்பானில் ஆளை அளந்த மரபு வேறு. ஷின்காகே வாள்நெறியைத் தோற்றுவித்த காமிஇசுமி நோபுட்சுனாவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். ஒரு கிராமத்தில் திருடன் ஒருவன் குழந்தையைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் பதுங்கியிருக்கிறான். ஊரே சுற்றி நிற்கிறது, நெருங்கினால் குழந்தை செத்தது. காமிஇசுமி ஒரு துறவியிடம் தலையை மழிக்கச் சொல்லி, அவருடைய அங்கியைக் கேட்டு வாங்கி உடுத்துகிறார். இரண்டு சோற்று உருண்டைகளோடு போகிறார். ஒன்றைக் குழந்தைக்கும் மற்றதைத் திருடனுக்கும் வீசுகிறார். திருடன் கை நீட்டிய நொடியில் பாய்ந்து பிடிக்கிறார். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 1954இல் வந்தபோது, தலைவன் கம்பேயின் அறிமுகக் காட்சியாக இதையே வைத்தார். மகா வாள்வீரன் என்று ஒருவனை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல காட்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த காமிஇசுமியின் சீடருடைய மகன் யாக்யு முனேநோரி, 1632இல் எழுதிய நூலில் உயிர்கொடுக்கும் வாள், வாளில்லாமை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். கோஷிரோவின் பாடம் நிற்கும் மண் இது.

கான்கரர்ஸ் ஹாக்கிதான் கடைசிப் படி என்ற கட்சிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். உலகின் தலைசிறந்த வாள்வீரன் என்ற பட்டம் மிஹாக்கிடம் இருக்கிறது. கதையின் முதல் ஆயிரம் அத்தியாயங்களில் மிஹாக் அந்த ஹாக்கியைப் பயன்படுத்தியதாக ஓடா ஓர் இடத்திலும் வரையவில்லை. ரோஜர், ஒயிட்பியர்ட், ஷாங்க்ஸ், கைடோ, பிக் மாம் என்று அந்த ஹாக்கியால் வானத்தைப் பிளந்தவர்களைப் பக்கம் பக்கமாக வரைந்தவர், வாளுக்குத் தலைவனாக வைத்தவனிடம் அதைக் காட்ட அவசரப்படவே இல்லை. 1058வது அத்தியாயத்தில் இன்னும் வெளிப்படையாகவே பிரிக்கிறார். மிஹாக்கின் தலைக்கு விலை 359 கோடி பெர்ரி. ஷாங்க்ஸுக்கு 404 கோடியே 89 லட்சம். விலையில் ஷாங்க்ஸ் மேலே. அங்கேயே, வாள்வித்தையில் மிஹாக் ஷாங்க்ஸை மிஞ்சியவன் என்றும் சொல்லப்படுகிறது. ஆபத்து வேறு, ஆதிக்கம் வேறு, வாள்வித்தை வேறு என்று ஆசிரியரே கோடு கிழித்துவிட்டார். அதற்குப் பிறகும் நாம் மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கலக்கிக் குடிக்கிறோம்.

பங்க் ஹஸார்டில் மோனே என்ற பனிப்பெண்ணோடு நடக்கும் மோதலையும் இங்கே கொண்டுவர வேண்டும். நீ பெண்களை வெட்டமாட்டாய், அதனால் தயங்குகிறாய் என்று அவள் ஸோரோவைச் சீண்டுகிறாள். வெட்டப் பிடிக்காதவை தனக்கு உண்டு என்பதை அவன் மறுப்பதில்லை. ஆனால் கடிக்கவே கடிக்காது என்று உறுதியாக நம்பக்கூடிய விலங்கைத் தான் கண்டதில்லை என்ற பொருளில் பதில் சொல்கிறான். பிறகு ஒரே வீச்சு, அவள் உடல் இரண்டாகிறது. அந்த வீச்சில் ஹாக்கி இல்லை. அவள் பனி, ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கலாம். எழ முடியவில்லை, அவள் உடம்பை பயம் கட்டிப்போட்டுவிட்டது. கொன்றிருக்கக்கூடியவன் கொல்லாத அளவு வெட்டினான் என்பதுதான் அவளை வீழ்த்தியது. வெட்டும் அளவைத் தன் கையில் வைத்திருப்பவனுக்கு மட்டுமே இது சாத்தியம். இலையை விட்டுவைக்கத் தெரியாதவன் மோனேயைக் கொன்றிருப்பான், இல்லையென்றால் வெட்டாமலே நின்றிருப்பான்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் சாட்சி கதையின் தொடக்கத்திலேயே, 5வது அத்தியாயத்தில், இருக்கிறது. சிறுவன் ஸோரோ, உடன் வாள் பழகும் குயினா என்ற சிறுமியிடம் 2,001 முறை தோற்கிறான். கடைசித் தோல்வி உண்மையான வாள்களால். ஜெயித்தவள் அழுகிறாள். பெண் வளர வளர ஆணைவிட பலம் குறைந்துவிடும், உன் காலம் வரும், நான் உலகின் தலைசிறந்த வாள்வீரராக முடியாது என்கிறாள். அவள் அப்பா, அந்த ஆசான் கோஷிரோவே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஸோரோவுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. நாளைக்கு நான் உன்னை ஜெயித்தால், ஆண் என்பதால் ஜெயித்தான் என்பாயா, நான் பழகியதெல்லாம் ஒன்றுமில்லையா என்று கத்துகிறான். அந்தச் சண்டையில்தான் இருவரும் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அவள் மாடிப்படியில் விழுந்து இறந்துபோகிறாள், அவளுடைய வாள் வாடோ இச்சிமோன்ஜி இவன் கைக்கு வருகிறது.

அந்தச் சிறுவனின் கோபம் என்ன சொல்கிறது? பிறப்பில் வந்த பலத்தை வித்தையின் அளவுகோலாக வைக்காதே என்கிறது. ஸோரோவின் வாழ்நாள் சபதமே அந்த எதிர்ப்பில்தான் முளைத்தது. கான்கரர்ஸ் ஹாக்கியோ பல பத்து லட்சம் பேரில் ஒருவருக்குப் பிறப்பிலேயே வாய்ப்பது, பயிற்சியால் வரவழைக்க முடியாதது என்று கதையே சொல்கிறது. அதைத்தான் வாள்வித்தையின் கடைசி வாசல் என்று அறிவித்தால், குயினாவுக்கு நாம் சொல்லும் பதில் என்ன? உன் பயம் சரிதான், பிறவியில் இருந்தால்தான் உண்டு என்பதா? ஸோரோ எந்த வாதத்தை மறுத்து வாள் தூக்கினானோ அதே வாதத்தை அவன் வெற்றிக்குக் காரணமாக்கி அவன் கழுத்தில் மாலையாகப் போடுகிறோம். ரசிகர்களின் அந்த விடையில் என்னால் கொஞ்சமும் சகிக்க முடியாதது இதுதான்.

பலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாறை பிளக்காத வாளால் இலையை விட்டுவைத்தால் அதில் பெருமை ஏதும் இல்லை, அது வெறும் மொண்ணை வாள். எந்த வாளும் கருவாளாகலாம் என்று கதைக்குள்ளேயே சொல்லப்பட்டிருக்கிறது. என்மா ஒருநாள் கறுக்கும் என்றே நானும் எதிர்பார்க்கிறேன், வாடோ இச்சிமோன்ஜியின் வெள்ளை உறைக்குள்ளிருந்து கறுத்த அலகு வெளியே வரும் பக்கத்தைக் கற்பனை செய்தால் எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது. கான்கரர்ஸ் ஹாக்கி ஸோரோவுக்கு இருக்கிறது, இருக்கட்டும். இவை அவன் கையில் இருக்கும் கருவிகள். கருவியின் எண்ணிக்கையை வைத்துக் கைத்தொழிலை அளப்பதை மட்டும்தான் மறுக்கிறேன்.

அளக்க வேண்டிய முறையை மிஹாக்கே முதல் சந்திப்பில் காட்டிவிட்டார். பரட்டி உணவகக் கப்பல் அருகே, 50வது அத்தியாயத்தில். கிரீக் என்ற கடற்கொள்ளையனின் ஆட்கள் அவரை நோக்கிச் சுடுகிறார்கள். அவர் குண்டுகளை வெட்டவில்லை. வாள்முனையால் லேசாகத் தொட்டு அவற்றின் பாதையை மாற்றி விடுகிறார். பெரிய கப்பலையே பிளந்த வாள் அது. அந்த மென்மையைக் கண்டுதான் ஸோரோ வாயடைத்துப்போகிறான், இப்படியொரு வாள்வீச்சைப் பார்த்ததில்லை என்கிறான். மென்மை இல்லாத வாளில் வலிமையும் இல்லை என்ற கருத்தில் மிஹாக் பதில் சொல்கிறார்.

பிறகு சண்டை. ஸோரோவின் மூன்று வாள்களுக்கு எதிராக மிஹாக் எடுப்பது கழுத்தில் தொங்கும் சின்னக் கத்தி. முயலை வேட்டையாட முழு பலமும் வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். ஒரு கட்டத்தில் கத்தி ஸோரோவின் நெஞ்சில் இறங்குகிறது, அவன் பின்வாங்க மறுத்து நிற்கிறான். அங்கேதான் மிஹாக் அவன் பெயரைக் கேட்கிறார். மரியாதைக்காகக் கருவாளை உருவுகிறார். ஸோரோவின் இரண்டு வாள்கள் நொறுங்குகின்றன. எஞ்சிய குயினாவின் வாளை அவன் உறையில் போட்டுவிட்டுத் திரும்பி, கைகளை விரித்து, நெஞ்சைக் காட்டுகிறான். முதுகில் வாங்கும் தழும்பு வாள்வீரனுக்கு அவமானம்.

கருவாள் இறங்குகிறது. தோளிலிருந்து இடுப்புவரை ரத்தம். ஸோரோ கடலுக்குள் விழுகிறான். அவனுடைய ஆட்கள் நீரில் பாய்ந்து அவனை மேலே தூக்குகிறார்கள். மூச்சு இருக்கிறது.

கப்பலைப் பிளந்த வாள், சாகக் கூடாத ஆழத்தில் நின்றிருக்கிறது.